தேடத் தெரிந்த நூலகர்

நெய்வேலிக்குப் போய்ச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். பழுப்பு நிலக்கரி அங்கே வாரி எடுத்துக்கொள்ளும்படி மேலாகக் கிடக்கவில்லை. ஸ்ரீ ஜவாஹர்லால் நேரு 1957-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டதோ 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான். இடையில் நான்கு வருஷத்துக்கு மேல் மண்ணை அகற்றுவதும், அடியிலிருந்து மேலெழும்பும் ஊற்று நீரை இறைப்பதுமாகவே கழிந்தன. பெரிய பெரிய யந்திரங்கள் வந்து இறங்கியதனாலேயே காரியம் முடிந்துவிடவில்லை. அவற்றை ஓட்டும் ஆட்களையும் பழக்க வேண்டியிருந்தது.

கரியைப் பற்றி எழுதுவதற்காக நான் இந்த ஊரை இழுக்கவில்லை. நெய்வேலி படிக்கிற ஊர். 1998-ம் வருஷத்தில் அங்கே தொடங்கிய புத்தகக் கண்காட்சி தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, துணிப் பையோடு புத்தகக் கடைகளைச் சுற்றி வரும் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு வாசகர் பொதுப் புத்தகசாலைக்குள் ஒரு சந்தேகத்தோடு நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். புத்தகசாலையில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. இணையத் தொடர்பும் இருக்கிறது. ஆனால் சந்தேகம் தீர்ந்து வெளியே வருவாரா? அது அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சிப்பந்தியைப் பொறுத்தது. அந்தச் சிப்பந்திக்கு நாம் என்ன கற்றுக் கொடுத்திருக்கிறோம் என்பதே இந்த வாரத்து விஷயம்.

இணையத்தில் உள்ள தகவல் களஞ்சியங்களைத் 'தரவுத்தளம்' என்று இப்போது தமிழில் வழங்குகிறார்கள். பெயரைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். பழைய புத்தகசாலைகளில் சிறு சிறு இழுப்பறைகளில் அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள் அல்லவா? உலகத்துப் புத்தகசாலைகளின் அட்டைகளெல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் அட்டையோடு புத்தகமும் கிடைக்கும். கரக்பூர் ஐ.ஐ.டி.யார் உருவாக்கிய இந்தியத் தேசிய மின்னூலகம் 2018-ம் வருஷம் ஜூன் மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் பத்திரிகைகளும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1998-ம் வருஷம் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தொண்டர்களின் உழைப்பாலேயே தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி இலவசமாகத் தருகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. அதன் பட்டியலையும் வீட்டிலிருந்தே புரட்டலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காலணா செலவில்லை.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் நெய்வேலியில் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைக் கட்டுரையாக எழுத வேண்டும். 'நெய்வேலி' என்று பெட்டியில் தட்டுகிறாள். புதிய செய்திகளும் விளம்பரங்களும் ஆயிரக் கணக்கில் வந்து குவிகின்றன. பழைய சங்கதி ஒன்றுகூட அகப்படவில்லை. ஏன்? 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிவந்ததும், அதன் பின்னர் 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையார் துளையிட்டுப் பார்த்ததும் நடந்த காலத்தில், நெய்வேலி என்ற பெயரை உலகம் அறியாது. அந்தக் காலத்து அறிக்கைகளில் 'தென்னாற்காடு' என்று தேடவேண்டும்; 'விருத்தாசலம்' என்று தேடவேண்டும். தென்னாற்காடு ஜில்லா 1993-ல் பிரிந்து கடலூர் மாவட்டம் உண்டானது என்பது தெரிந்தால்தான், எந்த வருஷம்வரை எந்தப் பெயரைக் கேட்பது என்று தெரியும். இங்கிலீஷில் ஊர்ப் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். தமிழிலோ 'பழுப்பு நிலக்கரி' என்று ஒருவர் எழுதினால் 'லிக்னைட்' என்று மற்றொருவர் எழுதுவார். இத்தனை வழிகளில் கேட்டுப் பார்த்த பிறகு, ஓர் ஏட்டில் ஒரு வருஷமும் இன்னோர் ஏட்டில் வேறு வருஷமும் இருக்கக் கண்டால், எதை ஏற்பது என்ற கேள்வி வேறு எழும்!

இவ்வளவையும் பதின்மூன்று வயதுப் பெண் தானே கண்டுகொள்ள முடியுமா? பக்கத்தில் ஒருவர் இருந்து, "அம்மா, அந்தக் காலத்தில் இந்த ஊர் எந்த ஜில்லாவில் இருந்தது, சொல் பார்க்கலாம்" என்று கேட்டால் போதும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். வகுப்பறையில் இருபது வருஷம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: விடையைக் கொடுப்பதைவிட அந்த ஒரு கேள்வியைக் கேட்பது கஷ்டம். அதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

கட்டுரை தவறினால் பத்து மார்க்கு குறையும், அதோடு போயிற்று. அவ்வளவு சுலபமாக விடமுடியாத கேள்விகளும் உண்டு. சுரங்கத்திற்காக நிலம் கொடுத்த குடும்பங்கள் நெய்வேலியைச் சுற்றிலும் எத்தனையோ இருக்கின்றன. அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஒரு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நிலம் எடுக்கும் சட்டம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார். பயிற்சி இல்லாத சிப்பந்தி முதலில் அகப்பட்டதை அச்செடுத்துக் கொடுப்பார். அது 1894-ம் வருஷத்துச் சட்டமாக இருக்கலாம். அந்தச் சட்டம் ரத்தாகி, 2013-ல் இயற்றிய புதுச் சட்டம் 2014 ஜனவரி முதல் தேதியன்று அமுலுக்கு வந்துவிட்டது. இதற்கு அப்பால், தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுப்பது பற்றித் தமிழ்நாட்டுக்கென்றே 1997-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. பயிற்சி பெற்றவரோ முதலில் நோட்டீஸைப் பார்ப்பார். "இதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது? தேதி என்ன?" என்று கேட்பார். பிறகு மத்திய சட்டங்களை வெளியிடும் சர்க்கார் தளத்திற்கோ மாகாணச் சட்டங்கள் உள்ள இடத்திற்கோ போய், திருத்தங்களோடு கூடிய பாடத்தை எடுத்து, எடுத்த தேதியையும் அதில் குறித்துக் கொடுப்பார். நூலகர் வக்கீல் அல்ல. யோசனை சொல்ல அவருக்கு உரிமையும் இல்லை. ஆனால் சரியான ஏட்டோடு ஒருவர் வக்கீலிடம் போவதற்கும், செத்துப்போன சட்டத்தோடு போவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

வைத்திய விஷயமும் இப்படித்தான். "சர்க்கரை வியாதி பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டு வருகிறவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, தம் தாயார் காலில் ஆறாமல் இருக்கும் புண்ணைப் பற்றியாக இருக்கும். முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் உண்மையான கேள்வி அல்ல. மரியாதையாக, வாசகரின் சொந்த விஷயத்தில் அத்துமீறாமல், உள்ளே இருக்கும் கேள்வியை வெளியே கொண்டுவருவது ஒரு கலை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் பொது ஜனங்களுக்கென்று எளிய நடையில் எழுதி வைத்திருக்கும் பக்கங்களும் இருக்கின்றன. எண்ணெய்க் கம்பெனி விளம்பரங்களும் இருக்கின்றன. இரண்டும் ஒரே திரையில், ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன.

தமிழில் தேடுவதற்கென்று தனியான சிக்கல்கள் இருக்கின்றன. இவற்றை வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகம் எதுவும் நமக்குச் சொல்லித் தராது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தை', 'மரத்தின்' என்று வரும் இடங்களைப் பல தளங்கள் காட்டுவதில்லை; வேற்றுமை உருபு ஏறியதும் சொல்லின் வடிவம் மாறிவிடுகிறதல்லவா? பழைய நூல்களில் சந்தி சேர்த்து எழுதியவற்றைப் பிரித்துத் தேடினால் அகப்படாது. யூனிகோடு பரவுவதற்கு முன் வேறு வேறு எழுத்துருக்களில் தட்டிய ஏடுகள், திரையில் தமிழாகத் தோன்றினாலும், தேடும் யந்திரத்துக்கு வெறும் கிறுக்கல்தான். பக்கங்களைப் படமாக மட்டும் பிடித்து வைத்த நூலில் உள்ளே இருக்கும் சொல் எதுவும் தேடலில் சிக்காது. தலைப்பும் ஆசிரியர் பெயருமே சிக்கும். இதை அறியாதவர், "அந்த விஷயம் இங்கே இல்லை" என்று கூசாமல் சொல்லிவிடுவார். புத்தகம் அலமாரியில் இருந்து சிரித்துக்கொண்டிருக்கும்.

பெயர்களின் கூத்தைக் கேட்க வேண்டாம். டாக்டர் உ. வே. சாமிநாதையரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், ஸ்வாமிநாதையர், உ.வே.சா. என்று தமிழிலேயே ஐந்து வடிவங்கள். இங்கிலீஷ் எழுத்தில் இன்னும் பல. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியலிலோ ரோமன் எழுத்துக்களின் மேலே கோடும் கீழே புள்ளியும் இட்டு, தமிழ் எழுத்துக்கு எழுத்து ஒத்து வரும்படி எழுதியிருப்பார்கள். 'ழ' என்ற ஒரு எழுத்தை அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று தெரியாவிட்டால் அந்த மகத்தான பட்டியலில் பாதி நமக்கு அடைத்த கதவு. தெரிந்துகொள்ள எவ்வளவு நேரமாகும்? ஒரு பிற்பகல் போதும். ஆனால் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இப்போது கேட்டவுடன் பதில் சொல்லும் யந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றைத் தூஷிக்க நான் விரும்பவில்லை, வேலைக்கு உதவுகின்றன. ஆயினும் உலகத்தில் அச்சாகவே இல்லாத ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர், பிரசுரித்த ஊர், வருஷம் எல்லாம் சேர்த்து அவை சொல்லிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட பெயரோடு வாசகர் வந்தால், நம்பத்தக்க பட்டியல்களில் பார்த்து, உண்டு இல்லை என்று தீர்த்துச் சொல்ல ஒருவர் ஊரில் இருக்க வேண்டாமா?

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சீர்காழியில் 1892-ல் பிறந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் அவர் சென்னை ஸர்வகலாசாலைப் புத்தகசாலைக்குத் தலைவரானபோது புத்தகசாலை சாஸ்திரத்தில் பயிற்சி எதுவும் பெற்றவரல்ல. ஆட்கள் வராத அந்த மண்டபத்தின் தனிமை தாங்காமல், போன சில நாட்களிலேயே பழைய உத்தியோகத்துக்குத் திரும்பிவிடத் துடித்தார். லண்டனுக்குப் போய்ப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள். அங்கே பெர்விக் ஸேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் பாடம் கேட்டார். பல புத்தகசாலைகளுக்குள் புகுந்து நடைமுறையைக் கவனித்தார். 1925-ல் திரும்பி வந்தவர் வேறு மனிதர். 1929-ல் சென்னைப் புத்தகாலய சங்கத்தின் மூலம் கோடைகாலப் பயிற்சி வகுப்பு தொடங்கிற்று. 1931-ல் ஸர்வகலாசாலையே அதை ஏற்றுக்கொண்டது. அதே 1931-ல்தான் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது அவற்றில் நான்காவது. ஆன்லைன் தேடலைக் கற்பிக்கிறவர்கள் வேறு விதி எதையும் சுவரில் எழுதி மாட்டவேண்டியதில்லை.

1931-ல் இன்னொரு காரியமும் நடந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வாசகன் வரமுடியாத இடத்துக்குப் புத்தகம் போயிற்று. இதை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பொதுப் புத்தகசாலைகள் 4,500-க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் மாவட்ட மைய நூலகங்கள் கொஞ்சமே. கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களுமே மிகுதி. ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கதவு திறப்பது, பத்திரிகைகளை அடுக்குவது, உறுப்பினர் சந்தாவை வாங்கி ரசீது போடுவது, கதவைச் சாத்துவது எல்லாம் அவரே. அவரைப் பயிற்சிக்கென்று சென்னைக்கு அழைத்தால் அன்றைக்கு அந்த ஊர்ப் புத்தகசாலையின் கதவில் பூட்டுத் தொங்கும். ஆகையால் அவர் போக முடியாத இடத்துக்குப் பயிற்சி போகவேண்டும். மாவட்டத்துக்கு இரண்டு பேரை நன்றாகப் பழக்கி, அவர்களை ஊர் ஊராக அனுப்பலாம். வாசகர்கள் வந்துபோகும் அதே வேளையில், அதே கம்ப்யூட்டரில், அதே மந்தமான இணையத் தொடர்பில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் பாடம் ஒட்டும்.

பயிற்சி முகாம் என்ற பெயரில் நடக்கும் சில சடங்குகளை நான் பார்த்திருக்கிறேன். காலையில் குத்துவிளக்கு, பிறகு வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. பதினொரு மணிக்குக் காப்பி. திரையில் ஒருவர் வேகமாகப் படங்களை மாற்றிக்கொண்டே போவார். ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாலையில் சான்றிதழ். மறுநாள் ஊருக்குப் போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் கடவுச்சொல் கூட நினைவில் இராது. சைக்கிள் விடுவதைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டு யாராவது சைக்கிள் விடக் கற்றிருக்கிறார்களா?

செய்யவேண்டியது சுலபமானது, ஆனால் தொடர்ந்து செய்யவேண்டியது. ஒவ்வொரு புத்தகசாலையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வாசகர் கேட்டு, பதில் கிடைக்காத கேள்விகளை, கேட்டவர் பெயரைப் போடாமல் அதில் எழுதி வரட்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், பக்கத்து ஊர்ச் சிப்பந்திகள் நால்வர் தொலைபேசியிலாவது கூடி, அந்தக் கேள்விகளையே எடுத்துத் தேடிப் பார்க்கட்டும். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினோம், எங்கே அகப்பட்டது, எங்கே ஏமாந்தோம் என்பதையும் அதன் எதிரில் எழுதட்டும். ஆறு மாதத்தில் அந்த நோட்டே அந்த ஜில்லாவின் பாடப் புத்தகமாகிவிடும். கடலூரில் உப்பளமும் மீன்பிடிப்பும் பற்றிக் கேட்பார்கள். நெய்வேலியில் நிலமும் ஓய்வூதியமும் பற்றிக் கேட்பார்கள். சென்னையில் அச்சடித்து அனுப்பும் கையேட்டில் இவை எப்படி இருக்கும்?

பழைய கதை ஒன்று இங்கே பொருந்தும். மேல்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகத் தேடும் வசதி முதன்முதலாக வந்தது. வைத்தியக் கட்டுரைகளுக்கு மெட்லைன் 1971-லும், பலதுறைகளுக்கு டயலாக் 1972-லும் தொடங்கின. தொடர்பில் இருக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கினார்கள். அதனால் நூலகர், வாசகரை எதிரே உட்காரவைத்து, கேள்வியை நன்றாக அலசி, எந்தெந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே தொடர்பைத் திறப்பார். இன்று நிமிஷக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. யோசிக்கும் பழக்கமும் அதோடு போய்விட்டது. காகிதத்தில் முதலில் எழுதும் அந்த வழக்கத்தை நம் சிப்பந்திகளுக்குக் கற்பித்தால் பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

கடைசியாக, சர்க்காரின் காதில் போடவேண்டிய ஒன்று. மத்திய மந்திரிசபை 2024-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்குச் சம்மதம் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று வருஷங்களுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முப்பது பிரசுர நிறுவனங்களின் ஏறக்குறைய 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை 6,300-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்களில் படிக்க வழி ஏற்படும். நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஸ்தாபனங்கள் யாவை? சர்க்கார் காலேஜுகள், ஸர்வகலாசாலைகள், மத்திய ஆராய்ச்சிச் சாலைகள். பொதுப் புத்தகசாலை அந்த ஜாபிதாவில் இல்லை. சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற எஞ்ஜினீயர் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு கட்டுரை படிக்க விரும்பினால், எந்தக் காலேஜில் போய்ச் சேருவார்? இந்தியாவிலேயே முதன்முதலாக 1948-ல் பொது நூலகச் சட்டம் செய்த மாகாணம் நம்முடையது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக ஜனங்கள் செலுத்தி வருகிறார்கள். மாவட்ட மைய நூலகத்துக்காவது அந்தச் சந்தாவை நீட்டும்படி கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

அப்படிக் கேட்டால், "உங்கள் புத்தகசாலையில் இதையெல்லாம் உபயோகிக்க ஆள் இருக்கிறதா?" என்று டில்லியில் திருப்பிக் கேட்பார்கள். அந்த நோட்டுப் புத்தகங்கள் அப்போது உதவும். பதில் கிடைத்த கேள்விகள் இத்தனை, சந்தா இல்லாததனால் கட்டுரையின் தலைப்பைக் கண்டும் உள்ளே போகமுடியாமல் நின்ற கேள்விகள் இத்தனை என்று ஜில்லாவாரியாக எண்ணிக் காட்டலாம். நேயர்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. அடுத்த முறை புத்தகசாலைக்குப் போகும்போது, வார இதழைப் புரட்டிவிட்டுத் திரும்பாமல், நெடுநாளாக மனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை அங்கே உள்ளவரிடம் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த வாரம் மறுபடியும் போங்கள்.